இரண்டு போட்டால் நான்கு விழுந்த கார்: தேய்ந்த கியர் கேபிள்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நண்பகலில் டீச்சர் ஒருவர் தன் சின்னக் காரை இலங்கை மலைநாட்டின் ஹட்டனில் இருக்கும் எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். வீடு டிக்கோயாவில், பாடசாலை பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில். இறங்கியதும், "தம்பி, ரெண்டாவது கியர் போட்டா நாலாவது விழுது. நோர்வூட் தாண்டி ஏத்தத்துல ரெண்டு தரம் வண்டி நின்னுபோச்சு. பின்னால பஸ் வேற வந்துகிட்டிருந்துச்சு" என்றார். சொல்லும்போதே கை நடுங்கியது.

2013இல் பதிவான கார் அது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், முன்சக்கரம் இழுக்கும் அமைப்பு, கையால் மாற்றும் ஐந்து கியர். ஓடியது ஏறத்தாழ 112,000 கிலோமீட்டர். நான்கு மாதங்களுக்கு முன் வேறோர் இடத்தில் கியர் பொக்ஸைக் கழற்றி முழுக் கிளட்ச் செட்டையும் மாற்றியிருந்தார்கள். குறை போகவில்லை. அப்புறம் கியர் எண்ணெயைத் தடிப்பானதாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் சரிவரவில்லை. கடைசியாக, கியர் பொக்ஸைப் பிரித்தால்தான் முடியும் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆசிரியச் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய சுமை என்று சொல்லத் தேவையில்லை.

கியர் பொக்ஸைத் திறக்காமலே இந்தக் காரைச் சரிசெய்தோம். ஆனால் முதல் முயற்சியில் பாதிக் குறையைத்தான் நான் பிடித்தேன். மீதிப் பாதியைப் பிடிக்க மூன்று வாரங்களும் ஒரு விடியற்காலையும் தேவைப்பட்டன. அந்த இடைவெளி ஏன் வந்தது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு கேபிள்கள், இரண்டு வேலைகள்

இப்படியான கார்களில் கியர் லீவருக்கும் கியர் பொக்ஸுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும், கியர் பொக்ஸ் அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும். லீவரின் அடியிலிருந்து இரண்டு கேபிள்கள் புறப்பட்டு, எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரின் துவாரம் வழியாகப் போய், கியர் பொக்ஸின் மேலுள்ள இரண்டு கைகளைப் பிடித்துக்கொள்ளும். லீவரை இடம் வலமாக நகர்த்தினால் செலக்ட் கேபிள் அசையும். எந்த வரிசை என்பதைத் தீர்மானிப்பது அதுதான்: ஒன்று-இரண்டு வரிசையா, மூன்று-நான்கு வரிசையா, ஐந்து-ரிவர்ஸ் வரிசையா. லீவரை முன்னே பின்னே தள்ளினால் ஷிஃப்ட் கேபிள் அசையும். தேர்ந்த வரிசையில் எந்தக் கியர் விழவேண்டும் என்பது அதன் பொறுப்பு.

சைக்கிள் பிரேக் கேபிள் இழுக்க மட்டும்தான் உதவும். தள்ளினால் மடங்கிவிடும். கியர் கேபிளோ இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். அதனால் உள்ளே தடித்த உருக்குக் கம்பி, அதைச் சுற்றி வழுக்கலான பிளாஸ்டிக் குழல், அதற்கு மேல் சுருள் கம்பி உறை, எல்லாவற்றுக்கும் வெளியே தண்ணீர் புகாமல் காக்கும் பிளாஸ்டிக் போர்வை என்று அடுக்கடுக்காக இருக்கும். இரண்டு முனைகளிலும் ஒரு கண், அதாவது துளையுள்ள ஒரு வளையம். கண்ணுக்குள் புஷ் எனப்படும் ரப்பர் அல்லது நைலோன் உள்வளையம். புஷ் தேய்ந்தால் கை அசைந்தும் கம்பி அசையாத ஒரு வீண் இடைவெளி வரும். நாங்கள் அதை 'பிளே' என்போம். வெளிப்போர்வை வெடித்தால் தண்ணீர் உள்ளே போய்த் துரு பிடிக்கும், கம்பி இறுகும். தளர்ச்சி, இறுக்கம் என்ற இந்த இரண்டும் வெவ்வேறு நோய்கள். டீச்சரின் காருக்கு இரண்டுமே இருந்தன.

கிளட்ச் கேபிள் வேறு, கியர் கேபிள் வேறு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். "கேபிள் மாத்தியாச்சு" என்று வாடிக்கையாளர் சொன்னால் எந்தக் கேபிள் என்று கேட்டே ஆகவேண்டும். டீச்சரும் அப்படித்தான் சொன்னார். பில்லை வாங்கிப் பார்த்தபோது மாற்றியிருந்தது கிளட்ச் கேபிள்.

மலைநாட்டில் இந்தக் கேபிள்கள் சீக்கிரம் தேய்வதற்கு என் மனதுக்குப் படும் காரணம் இது. சமதரையில் நான்கிலும் ஐந்திலும் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மூன்றிலிருந்து நான்குக்குப் போக ஷிஃப்ட் கேபிள் மட்டும் அசைந்தால் போதும், இரண்டும் ஒரே வரிசை. கினிகத்தேனையிலிருந்து வட்டவளை, ரொசல்லை வழியாக ஹட்டனுக்கு ஏறிப் பாருங்கள். வளைவுக்கு இரண்டு, நேருக்கு மூன்று, மறுபடி வளைவுக்கு இரண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வரிசை மாறுகிறது, அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு கேபிள்களும் அசைகின்றன. போதாததற்கு, நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று வட்டவளைப் பக்கம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்தச் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும். கேபிள் போர்வையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் வழி கண்டுவிடும்.

முதல் நாள் பார்த்தது

முதலில் கிளட்சைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்து நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டேன். கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் இலகுவாக விழும், ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கும், ரிவர்ஸ் கரகரவென்று அரைக்கும். இந்தக் காரில் எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் குறை ஒன்றாகவே இருந்தது. அரைக்கும் சத்தமும் இல்லை. ஆகவே கிளட்ச் குற்றவாளி இல்லை. நான்கு மாதங்களுக்கு முன்பே இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

அடுத்து, எந்தெந்தக் கியரில் தகராறு என்று காகிதத்தில் எழுதினேன். மூன்றும் நான்கும் ஒவ்வொரு தடவையும் சரியாக விழுந்தன. ஒன்றும் இரண்டும் பத்தில் மூன்று நான்கு தடவை தவறின, தவறும்போது மூன்றோ நான்கோ விழுந்தது. ஐந்தும் ரிவர்ஸும் அப்படியே. இந்த ஒழுங்கை மனதில் பதித்துக்கொண்டால் ஸ்பானர் எடுக்காமலே பாதி வேலை முடிந்துவிடும். கியர் பொக்ஸுக்குள் உள்ள ஸ்பிரிங்குகள், விட்டால் எப்போதும் நடுவரிசைக்கே கையைக் கொண்டுவந்துவிடும். நடுவரிசை என்பது மூன்று-நான்கு. செலக்ட் கேபிளில் பிளே வந்தால் லீவர் இடது ஓரத்துக்குப் போனாலும் கியர் பொக்ஸின் கை பாதி வழியில் நின்றுவிடும். அங்கிருந்து பின்னுக்கு இழுத்தால் இரண்டுக்குப் பதில் நான்குதான் விழும். நடுவரிசை மட்டும் நன்றாக இருந்து இரு ஓரங்களும் கெட்டிருந்தால் செலக்ட் கேபிளைப் பாருங்கள். எல்லா வரிசையிலும் கியர் அரைகுறையாக விழுந்தால், அல்லது விழுந்தபின் துள்ளி வெளியே வந்தால், ஷிஃப்ட் கேபிளைப் பாருங்கள்.

ஏற்றத்தில் இரண்டுக்குப் பதில் நான்கு விழுந்தால் எஞ்சின் அணைந்துவிடும், அது ஒரு ஆபத்து. இறக்கத்தில் அதே தவறு நடந்தால் எஞ்சின் பிடி இல்லாமல் வண்டி பாய ஆரம்பிக்கும். நானுஓயா-ரதல்ல குறுக்கு வீதி மாதிரியான செங்குத்தில் அது நடந்தால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். இந்தக் குறையோடு "கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்று யாராவது கேட்டால் நான் சம்மதிப்பதில்லை.

எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர்களையும் பார்த்தேன். மவுண்ட் கிழிந்தால் எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடும், கேபிள் நன்றாக இருந்தும் கியர் துள்ளும். கராஜில் உதவிக்கு இருக்கும் பையன் கிளட்சை லேசாக விட, நான் எஞ்சினைக் கவனித்தேன். அசைவு வழக்கமான அளவுதான்.

எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றியதும் கியர் பொக்ஸின் இரண்டு கைகளும் தெரிந்தன. பையனை உள்ளே உட்காரவைத்து லீவரை மெதுவாக இடம் வலம் நகர்த்தச் சொன்னேன். செலக்ட் கேபிளின் கண், கையின் முளையில் லொடலொடவென்று ஆடியது. லீவரின் குமிழில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு இரும்பு ஸ்கேலால் அளந்தபோது, குமிழ் 22 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்த பிறகுதான் கியர் பொக்ஸின் கை அசையவே தொடங்கியது. நல்ல நிலையில் உள்ள இதே மாதிரிக் காரொன்று வெளியே நின்றிருந்தது. அதில் அளந்தேன்: 6 மில்லிமீட்டர். புஷ்ஷின் ரப்பர் பாதி காணாமல் போய், வட்டத் துளை முட்டை வடிவமாகியிருந்தது.

சரி, கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். புதுக் கேபிள் கையில் இல்லை. டீச்சருக்கோ மறுநாள் பாடசாலை, தவணைப் பரீட்சை நேரம். நைலோன் கட்டையை லேத்தில் கடைந்து ஒரு புஷ் செய்து பொருத்தினோம். பிளே 8 மில்லிமீட்டராகக் குறைந்தது. கியர்கள் எல்லாம் தத்தம் இடத்தில் விழுந்தன. கியர் எண்ணெயையும் வடித்துவிட்டு, காரோடு வந்த கையேட்டில் சொன்ன தரத்தில் புதிது ஊற்றினேன். டீச்சர் மகிழ்ச்சியோடு போனார்.

மூன்று வாரம் கழித்து

"தம்பி, இப்ப கியர் மாறி விழல. ஆனா காலையில போடவே முடியல. கல்லு மாதிரி இருக்கு. பள்ளிக்கூடம் விட்டு வாறப்ப நல்லாத்தான் இருக்கு" என்றார்.

காலையில் இறுக்கம், மதியம் இலகு. இதைக் கேட்டால் எந்த மெக்கானிக்கும் கியர் எண்ணெயைத்தான் முதலில் சொல்வார். குளிரில் எண்ணெய் தடிக்கும், சூடேறினால் இளகும். முன்பு அந்தத் தடித்த எண்ணெயால் குறை இன்னும் கூடியிருக்கவும் வேண்டும். ஆனால் எண்ணெயை நானே மாற்றியிருந்தேன். அப்படியானால் வேறெங்கோ இறுகுகிறது.

அன்றைக்குத்தான் என் தவறு புரிந்தது. முதல் தடவை அவர் வந்தது நண்பகலில். பொகவந்தலாவையிலிருந்து ஓடிவந்து எஞ்சின் பகுதி கொதித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தது நோயாளி நன்றாக இருக்கும் நேரத்தில். அவர் சொன்ன "மாறி விழுது" என்ற குறையின் காரணம் கண்ணுக்குத் தெரிந்ததும் மற்றதைக் கேட்க மறந்துவிட்டேன். எப்போது நடக்கிறது, காலையிலா மாலையிலா, மழை நாளிலா வெயில் நாளிலா என்ற கேள்விகளை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

காரை இரவு கராஜிலேயே விடச் சொன்னேன், வெளியே, கூரையில்லாத பக்கத்தில். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது, மூச்சு விட்டால் புகையாய்ப் போனது. எஞ்சினைத் தொடாமல் லீவரை முன்னுக்குத் தள்ளினேன். உண்மையிலேயே கல்தான். எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றி, ஷிஃப்ட் கேபிளின் கிளிப்பை எடுத்து, கண்ணை முளையிலிருந்து விடுவித்தேன். இப்போது கியர் பொக்ஸின் கையை விரல்களால் அசைத்தால் வெண்ணெய் மாதிரி போனது, ஒவ்வொரு கியரும் 'டக்' என்று உட்கார்ந்தது. அதே குளிர், அதே எண்ணெய், இறுக்கம் இல்லை. பிறகு உள்ளே போய் லீவரைத் தள்ளினேன். கேபிளின் மறுமுனை அந்தரத்தில் இருந்தும் லீவர் இறுகியே இருந்தது. இறுக்கம் முழுதும் கேபிளுக்குள்.

கியர் பொக்ஸைப் பிரிக்கச் சொல்லும் எவரிடமும் முதலில் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, கியர் பொக்ஸின் கையைத் தனியே அசைத்துப் பார்ப்பது. லீவரைத் தனியே அசைத்துப் பார்ப்பது. கால்மணி நேர வேலை. அந்தக் கால்மணி நேரம் இல்லாததால் டீச்சருக்கு ஒரு கிளட்ச் செட் செலவு.

டோர்ச்சைப் பிடித்துக் கேபிளின் போக்கு முழுவதையும் தடவிப் பார்த்தபோது காரணமும் அகப்பட்டது. கேபிள்களை உடலோடு சேர்த்துப் பிடிக்கும் தாங்கியில் ஒரு கிளிப் இல்லை. அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள். கம்பி தளர்ந்து, கேபிள்கள் கீழே தொய்ந்து, எஞ்சினிலிருந்து இறங்கும் புகைக்குழாயை நெருங்கியிருந்தன. ஷிஃப்ட் கேபிளின் போர்வை ஒரு விரல் நீளத்துக்கு உருகி வெடித்திருந்தது. கியர் பொக்ஸை இறக்கி ஏற்றியபோது கிளிப் தொலைந்திருக்க வேண்டும். வெடிப்பின் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், இரவில் தங்கும், துருவோடு சேர்ந்து கம்பியைப் பிடிக்கும். ஓடத் தொடங்கியதும் புகைக்குழாயின் சூட்டில் காய்ந்து கொஞ்சம் இளகும். மதியம் நன்றாக இருந்ததன் இரகசியம் அதுதான்.

கழற்றிய பிறகு அந்தக் கேபிளை வெடிப்புக்கு நேரே வெட்டிப் பார்த்தோம். உள்ளே செங்கல் நிறத் துரு. கம்பியில் மூன்று இழைகள் அறுந்து முள்ளாக நின்று பிளாஸ்டிக் குழலைக் கீறியிருந்தன. இன்னும் சில மாதங்களில் முழுதாக அறுந்திருக்கும்.

எண்ணெய் விட்டுப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். துரு கலைக்கும் திரவத்தைக் கேபிளுக்குள் அடித்தால் அன்றைக்கு இளகும், உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த கிரீஸையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். ஈரத்தில் தூசியையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் முன்பைவிட மோசமாகும். அறுந்த இழைக்கு எந்த எண்ணெயும் மருந்தல்ல.

கேபிள் தேடியது

2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை அப்போதும் நீடித்ததால் எங்கள் பக்கத்தில் சின்னக் கார்களை எவரும் கைவிடவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடக் கார்களைத்தான் இழுத்துப் பிடித்து ஓட்டினார்கள். அதனால் பாகங்களுக்குத் தேவை கூடுதலாக இருந்தது. ஹட்டனில் கிடைக்கவில்லை. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பினோம்.

முதல் தடவை வந்த செட் தவறானது. பெயர் ஒன்று, ஆண்டு வேறு. பழைய கேபிளையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தபோது புதியது நான்கு விரற்கடை கூடுதல் நீளம். கண்ணின் துளையும் சிறியது. நீளம் கூடிய கேபிளை எப்படியாவது வளைத்துப் பொருத்தலாம் என்று கடைக்காரர் போனில் சொன்னார். கூடாது. கேபிளின் வளைவு கூடக் கூட உராய்வு கூடும், கூடுதல் நீளம் போய் விழும் இடமும் அநேகமாகப் புகைக்குழாய்ப் பக்கமாகவே இருக்கும். பழைய கேபிளில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, சரியான செட்டை வரவழைத்தோம்.

பழைய காரிலிருந்து கழற்றிய கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார்கள். கதவு, விளக்கு, கண்ணாடி போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. கேபிளின் உடம்பு உள்ளே இருக்கிறது, வெளியே பார்த்து நம்ப முடியாது. புதியதைக்கூட இலேசாக வளைத்துப் பிடித்து, கம்பியை விரலால் தள்ளி இழுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வழி முழுதும் ஒரே சீராகப் போகவேண்டும்.

செலக்ட் கேபிளின் புஷ்ஷை நாங்களே கடைந்து போட்டிருந்தோமே, ஷிஃப்ட் கேபிளை மட்டும் மாற்றினால் போதாதா என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒரே வழியில், ஒரே சூட்டில், ஒரே மழையில் இருந்தவை. செலக்ட் கேபிளின் போர்வையிலும் அதே இடத்தில் பளபளப்பு ஏறி மென்மையாகியிருந்ததைக் காட்டினேன். கழற்றிப் பூட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். "சரி தம்பி, ரெண்டையும் போட்டுருங்க" என்றார்.

மாற்றிய விதம்

எங்கள் கராஜின் தளமே சற்றுச் சரிவு, மலைநாட்டில் அநேக கராஜ்கள் அப்படித்தான். கியர் கேபிளைக் கழற்றும் வேலைக்குக் கியர் பொக்ஸை நியூட்ரலில் விட்டிருந்தோம். "கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறேன்" என்ற பாதுகாப்பு அப்போது கிடையாது. அதனால் கைபிரேக்கை இழுத்ததோடு நிற்காமல் பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்தோம். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினோம்.

உள்ளே லீவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் கேபிள்களின் மேல்முனைகள் தெரியும். ஒவ்வொரு கண்ணையும் ஒரு ஸ்பிளிட் பின் பிடித்திருந்தது, உறையை யூ வடிவக் கிளிப் தாங்கியோடு பூட்டியிருந்தது. துருப்பிடித்த கிளிப்பைக் குறட்டால் முறுக்கி எடுத்தால் தாங்கியின் வாய் விரிந்துவிடும், அதனால் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நேர்மேலே கிளப்பினோம். கீழே காபட்டை மடித்தால் தகட்டுச் சுவரில் கேபிள்கள் போகும் துவாரம். அதை மூடும் ரப்பரும் அதைப் பிடிக்கும் இரண்டு நட்டுகளும் அங்கே இருக்கும்.

எஞ்சின் பக்கத்து முனைகளைக் கழற்றியபின், பழைய கேபிள்களின் முனையில் ஒரு நைலோன் கயிற்றைக் கட்டி இழுத்தோம். கேபிள் வெளியே வந்தபோது அது போன பாதையில் கயிறு நின்றது. புதியதைக் கயிற்றில் கட்டித் திருப்பி இழுத்தால் அதே பாதையில் போய்ச் சேரும். கயிறு இல்லாமல் நினைவை நம்பிச் செய்தவர்கள் கேபிளை ஏதோ ஒரு குழாய்க்குக் கீழாக விட்டுவிட்டு, பிறகு ஏன் கியர் இறுகுகிறது என்று தேடியதைப் பார்த்திருக்கிறேன்.

தொலைந்த தாங்கிக் கிளிப்பைப் புதிதாக வாங்கிப் போட்டேன். இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது கேபிளைவிட அந்தக் கிளிப்தான். அது இல்லாமல் புதுக் கேபிளைப் போட்டிருந்தால் அடுத்த மழைக்கு முன் அதுவும் உருகியிருக்கும். பூட்டிய பிறகு, புகைக்குழாய்க்கும் கேபிளுக்கும் நடுவே என் உள்ளங்கை அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. தகட்டுச் சுவரின் ரப்பர் சுற்றிவர நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தோம். அது சரியாக உட்காராவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே காபட்டுக்கு வந்துவிடும். கண்களின் புஷ்களுக்கு ரப்பரைத் தின்னாத சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் பூசினோம். பழைய ஸ்பிளிட் பின்களைத் திரும்பப் போடவில்லை.

சரிப்படுத்தல் ஒன்றுதான் பாக்கி. இந்தக் காரில் ஷிஃப்ட் கேபிளில் சரிப்படுத்த ஒன்றுமில்லை. செலக்ட் கேபிளின் லீவர் பக்க முனையில் நகர்த்திப் பூட்டும் ஒரு துண்டு இருந்தது. கியர் பொக்ஸின் கையை நியூட்ரலில் விட்டால் ஸ்பிரிங்குகளே அதை நடுவரிசையில் நிறுத்தும். லீவரை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நேராகப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டைப் பூட்டினால் இரு முனைகளின் நடுவும் ஒன்றாகிவிடும். லீவரைக் கொஞ்சம் இடதாகப் பிடித்துப் பூட்டிவிட்டால் ஒன்றும் இரண்டும் எட்டாது, வலதாகப் பிடித்துப் பூட்டினால் ஐந்தும் ரிவர்ஸும் எட்டாது. முதல் தடவை ரிவர்ஸ் சற்று முரண்டியது. பூட்டை இளக்கி ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி பூட்டினேன்.

வெள்ளோட்டம்

எஞ்சினை நிறுத்தி வைத்து ஒவ்வொரு கியரையும் இருபது தடவை போட்டோம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதே மாதிரி. குமிழின் பக்கவாட்டு பிளே இப்போது 5 மில்லிமீட்டர். கிளப்பிப் பார்க்கக் காரை கொட்டகலை வழியாகத் தலவாக்கலை வரை கொண்டுபோய்த் திரும்பினோம். போகும்போது டீச்சர் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். முதல் சில வளைவுகளில் இரண்டைப் போட்டுவிட்டுக் கிளட்சை மிகவும் தயங்கித் தயங்கி விட்டார், நான்கு விழுந்திருக்குமோ என்ற பயம் கையை விட்டுப் போகவில்லை. சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடம் வருவதற்குள் தயக்கம் குறைந்து பேச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிரவும் காரை வெளியே விட்டு, விடியற்காலை ஐந்தரைக்கு மறுபடி பார்த்தேன். முதல் தள்ளிலேயே ஒன்று விழுந்தது.

ஒப்படைக்கும்போது வழியில் எப்போதாவது நடந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவைத்தேன். செலக்ட் கேபிளின் கண் கழன்றுவிட்டால் மூன்றும் நான்கும் மட்டும் மிஞ்சும். சமதரையில் மூன்றில் மெதுவாக நகரலாம். ஏற்றத்தில் முயன்றால் கிளட்ச் எரிந்துபோகும். ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, கைபிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் போன் பண்ணுங்கள் என்றேன்.

டிசம்பரில் சேர்விஸுக்கு வந்தபோது தாங்கிக் கிளிப்பையும் போர்வையையும் பார்த்துவிட்டுப் பிளேயை அளந்தேன்: 5 மில்லிமீட்டர், மாற்றமில்லை. மே மாத மழை தொடங்குவதற்கு முன் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.